தொடும் முன் ஒரு வார்த்தை!

திருப்போரூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை, படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார் மருமகள். குறை சொல்ல முடியாத கவனிப்பு. ஆனால், எதுவும் சொல்லாமல் சட்டென்று திருப்புவதால் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுப் பயந்துபோகிறார் மாமியார்.

செவிலியர் படிப்பில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. அக்கறைதான் செவிலியப் பணியின் மையம் என்று 1979-ல் புத்தகமே எழுதினார், அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் ஜீன் வாட்சன். 1991-ல் கிறிஸ்டன் ஸ்வான்சன் அதை ஐந்தாகப் பிரித்தார்: நோயாளியைப் புரிந்துகொள்வது, மனதளவில் உடனிருப்பது, அவரால் முடியாததைச் செய்துகொடுப்பது, முடிந்ததை அவரையே செய்யவிடுவது, நம்பிக்கை இழக்காமல் பார்த்துக்கொள்வது.

வீடுகளில் அதிகம் விட்டுப்போவது நான்காவதுதான். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நோய் ஆதரவு சிகிச்சை செவிலியர் வருகிறார். அவர் வராத நாள்களில் நீங்கள்தான் செவிலியர். "இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா அத்தை?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். நன்றாக இருக்கும் கையில் சீப்பைக் கொடுங்கள். தலை கோணல்மாணலாக வாரப்பட்டாலும் பரவாயில்லை, வாரியது அவர்!