பழைய குட்டியானை: எஞ்சின் வேலையா, புது வண்டியா?

சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் பத்து வருஷம் தாண்டியதும் ஒரு கேள்வி வந்து நிற்கும். இதற்கே செலவு செய்து ஓட்டுவதா, தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா? டீக்கடையில் கேட்டால் பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள். வீட்டுக்குக் கார் வாங்குகிற விஷயம் என்றால் ஆசைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். பிழைப்புக்கு ஓடும் வண்டியில் கணக்குக்கு மட்டும்தான் இடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேஸ் நன்றாக இருந்து, நிலையான லோடு கையில் இல்லையென்றால், பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டுவதுதான் நல்லது. ஆனால் சரிசெய்வது வேறு, கூட்டிக் குறைத்து மாற்றுவது வேறு. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

டாடா ஏஸ் வந்தது 2005-ல். 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். ஆட்டோவுக்கும் பெரிய வேனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அது நிரப்பியது. நம்மூரில் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த எத்தனையோ டிரைவர்கள் அதை வாங்கித்தான் முதன்முதலாக ஓனர் ஆனார்கள். அப்படி ஓனர் ஆனவர்களில் பலருடைய வண்டிக்கு இப்போது பத்து, பதினைந்து வயது. ஆகவே இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல.

எங்கள் வீட்டிலும் இந்த விவாதம் நடந்தது. என் தாய்மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். வண்டி 2012 மாடல். ஏற்றத்தில் இழுவை இல்லை, புகை, ஆயில் குடிக்கிறது. மெக்கானிக் முழு எஞ்சின் வேலைக்கு 45,000 ரூபாய் சொன்னார். மாமா பையன் புது வண்டிதான் வேண்டும் என்கிறான். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம்; பீஸ் கட்ட வேண்டியதும் இதே வண்டி சம்பாதிக்கும் பணத்தில்தான். மாமா சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது: "டியூ நான் தூங்கினாலும் ஓடும் மாப்ள. வண்டி நான் முழிச்சிருந்தாத்தான் ஓடும்."

இதை நோட்டில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கைக்காசும் பழைய வண்டி விற்ற பணமும் போக 4 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 11 சதவீதம், 48 மாதம். டியூ மாதம் சுமார் 10,340 ரூபாய். நான்கு வருஷத்தில் வட்டி மட்டும் 96,000 ரூபாய்க்கு மேல் போகும். மாதம் 25 நாள் ஓடினால், ஒரு நாளைக்கு 413 ரூபாய் டியூவுக்கே எடுத்து வைக்க வேண்டும்.

புது வண்டியில் மிச்சமாவது முக்கியமாக டீசல். பழையது லிட்டருக்கு 14 கிலோமீட்டர், புதியது 18, தினம் 100 கிலோமீட்டர், டீசல் விலை 92 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், நாளைக்கு 146 ரூபாய் மிச்சம். மாதம் 3,650. அதை டியூவில் கழித்தால் மீதி 6,690. வருஷத்துக்கு ஏறத்தாழ 80,000 ரூபாய்.

இந்த 80,000-தான் கோடு. பழைய வண்டியின் ரிப்பேர் செலவும், வண்டி ஷெட்டில் நின்ற நாட்களில் போன வருமானமும் சேர்ந்து வருஷத்துக்கு இதைத் தாண்டினால் புது வண்டி பக்கம் யோசிக்கலாம். தாண்டவில்லை என்றால் அவசரமே இல்லை. நின்ற நாளைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளைக்கு 1,500 ரூபாய் கையில் நிற்கும் தொழிலில் 20 நாள் வண்டி நின்றால் 30,000 போச்சு. அதுவும் செலவுதான்.

"நாலு வருஷம் கழித்து புது வண்டி கடன் இல்லாமல் சொந்தமாக நிற்குமே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாலு வருஷத்தைத் தாண்ட வேண்டுமே! காய்கறி லோடு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. விலை விழுந்தால் விவசாயி பறிக்காமலே விட்டுவிடுவார். அந்த மாதம் பழைய வண்டி சும்மா நிற்கும், அவ்வளவுதான். புது வண்டி சும்மா நின்றால் பைனான்ஸ்காரர் வீட்டுக்கு வருவார். இன்சூரன்சும் அப்படித்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் சரக்கு வண்டிக்கு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல. அதற்கு மேல், கடனில் எடுத்த வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போடச் சொல்வார்கள். பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு.

சரி, பழைய வண்டிக்குச் செலவு செய்யத் தகுதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எஞ்சினை விட முதலில் சேஸைப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்து போரிங் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றிப் புதிது மாதிரி ஆக்கலாம். துரு தின்ற சேஸை அப்படி ஆக்க முடியாது. ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் விரிசல், பழைய வெல்டிங், பொரிந்து உதிரும் துரு இருந்தால் அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை பார்ப்பது வீண். மீன் லோடு அடித்த வண்டியில் இது அதிகம். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது. காய்கறி வண்டி கொஞ்சம் தப்பிக்கும்.

அடுத்து எஞ்சின். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? ரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா? தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரிசெய்யக் கூடியவைதான்.

இப்போது மாற்றி அமைக்கும் விஷயம். "எப்படியும் செலவு செய்கிறோம், இரண்டு பட்டை கூடப் போட்டு, தொட்டியை நீட்டி, பக்கச்சட்டத்தை உயர்த்திவிட்டால் ஒன்றரை டன் ஏற்றலாமே" என்று ஷெட்டில் ஆசை காட்டுவார்கள். மூன்று வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பேன். பட்டை கூட்டினால் பாரம் தாங்குவது பட்டை மட்டும்தான். பிரேக், ஆக்சில், கிளட்ச், சேஸ் எல்லாம் முக்கால் டன்னுக்குச் செய்தவை. அவை அப்படியேதான் இருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் அது தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று வைத்துவிட்டார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பணம் தர மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடலாம். "பதினைந்து வருஷம் ஆனால் வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையும், 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் வந்த விதியும் சேர்ந்து இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டன. தமிழ்நாட்டில் தனியார் சரக்கு வண்டிக்குக் கேள்வி எஃப்.சி. கிடைக்குமா என்பதுதான். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். வயது கூடக்கூடக் கட்டணமும் கூடும், பசுமை வரியும் உண்டு. இவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

புது வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கம்பெனியோ, பால் பண்ணையோ வருஷம் முழுக்க லோடு தருவதாக எழுதிக் கொடுத்தால் தாராளமாக எடுக்கலாம். 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பே, அந்த வருஷம் ஜூனில், டாடா ஏஸ் ப்ரோ பெட்ரோல் வண்டி 3.99 லட்சம் ஆரம்ப விலையில் வந்திருந்தது. புகையிலும் புது வண்டிதான் மேல். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்-6 விதிக்கும் 2012-ன் பி.எஸ்-3 எஞ்சினுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் பழைய எஞ்சினை ஊர் மெக்கானிக்கே ஸ்பேனரோடு உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். புதியதில் சென்சார் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அந்த இடம் எத்தனை கிலோமீட்டர் என்பதும் கணக்கில் ஒரு வரி.

ஆகவே முடிவு எடுக்கும் முன் ஒரு வருஷத்து ரிப்பேர் பில்லையும், வண்டி நின்ற நாட்களையும் எழுதிக் கூட்டுங்கள். சேஸுக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். கையில் உள்ள லோடு நிச்சயமானதா என்று கேளுங்கள். சேஸ் போய்விட்டதென்றால் எஞ்சினுக்குக் காசு போடாதீர்கள். சேஸ் நன்றாக இருந்து லோடு நிச்சயமில்லை என்றால் எஞ்சின் வேலை பாருங்கள், டியூ கட்டுவதாக நினைத்து மாதம் 5,000 ரூபாய் தனியாகப் போட்டு வையுங்கள். இரண்டு வருஷத்தில் 1,20,000 சேரும். அப்போது புது வண்டி வாங்கப் போனாலும், கடன் அந்த அளவுக்குக் குறைவாக இருக்கும்.