வளர்த்தல் என்னும் பிறவினை

டாரன்டுலாச் சிலந்தியை வீட்டில் வைத்திருப்போர் முன்வைக்கும் முதல் வாதம், அதைப்போல் எளிய செல்லப்பிராணி வேறில்லை என்பது. குரைப்பதில்லை, உலாவ அழைத்துச் செல்ல வேண்டியதில்லை, வாரத்துக்கொரு சுவர்க்கோழியோ கரப்பானோ இட்டால் போதும், மயிர் உதிர்வதுமில்லை. கடைசிக் கூற்று அரைப்பொய். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல, அச்சுறும்போது பின்கால்களால் வயிற்று மயிரைத் தேய்த்து எதிரியின்மேல் உதிர்க்கும். அது தோலையும் கண்ணையும் அரிக்கும். இந்திய இனங்களுக்கு அத்தகைய மயிர் கிடையாது; அவை கடிக்கும். மற்றவை உண்மையே. ஆனால் அந்த உண்மைகளைச் சேர்த்துப் பார்த்தால் 'வளர்ப்பு' என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது.

வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை. ஒருவர் செயலால் மற்றொன்று வளர்ச்சியுறும்போதே பிறவினைக்கு இடமுண்டு. பயிர், பிள்ளை, நாய் ஆகிய மூன்றிலும் வளர்ப்பவரின் கை எதையோ மாற்றுகிறது. டாரன்டுலா தோலுரித்து வளர்வது. அப்போது அது மல்லாந்து மணிக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கும். செத்துவிட்டதென்று எண்ணிப் புதியவர்கள் குப்பையில் எறிவதும் உண்டு. புதுத்தோல் இறுகும்வரை நச்சுப்பற்களும் மென்மையாகவே இருக்கும். பெட்டியில் விட்டுவைத்த சுவர்க்கோழி அச்சிலந்தியையே கடித்துத் தின்னக்கூடும். கையில் ஏந்திப் படமெடுக்கையில் தவறி விழுந்தால் வயிறு கிழிந்து இறக்கும். ஆகவே தேர்ந்தோர் தரும் அறிவுரையில் பெரும்பகுதி எதிர்மறை ஏவல்: தொடாதே, நகர்த்தாதே, பெட்டியைக் குலுக்காதே, தோலுரிக்கையில் இரை இடாதே. இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் செய்வதற்குச் சரியான வினைச்சொல் 'வைத்திருத்தல்'. சட்டமும் அதை உடைமை என்றே குறிக்கிறது. சட்டத்தின் மொழியுணர்வு பாராட்டத்தக்க அரிய இடம் இது.

கொடுமை என்ற குற்றச்சாட்டை எழுப்புவோர் இலக்கைத் தவறவிடுகிறார்கள். காட்டிலும் பெண் டாரன்டுலா தன் வளையையோ மரப்பொந்தையோ விட்டு அதிகம் நகர்வதில்லை. போதிய மண்ணும் காற்றோட்டமும் நீரும் உள்ள பெட்டியில் அது துன்புறுகிறது என்று நிறுவுதல் கடினம். நெடுநாள் வைத்திருப்போர் பலர் தோலுரித்தல் பற்றி விலங்கியல் பட்டதாரிகளைவிட அதிகம் அறிந்தவர்கள் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. (விடுதி அறையில் இதைத் தொடங்கும் ஆய்வு மாணவர்கள் ஒன்றை மட்டும் கணக்கிட வேண்டும். உதவித்தொகை 5 ஆண்டு. மெக்சிகோவின் செம்முழங்கால் பெண் சிலந்திக்கு ஆயுள் 20 ஆண்டுக்கு மேல்.) கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது?

ஆந்திரத்தின் நீலச் சிலந்தி, பொயிசிலோதேரியா மெட்டாலிகா, இக்கேள்விக்கு ஏற்ற சான்று. 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதை விவரித்தார். கையில் இருந்தது ஒரே மாதிரி. கிடைத்த இடம் அனந்தபூர் மாவட்டத்துக் கூட்டி ரயில் நிலையத்தின் மரக்கிடங்கு. பின்னர் நூறாண்டுக்கும் மேலாக அது எவர் கண்ணிலும் படவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. உலகச் சந்தை இன்றும் அதைக் கூட்டியின் பெயராலேயே விற்கிறது. அச்சிலந்தியின் காடோ வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் விறகோடு விறகாக வந்து இறங்கிய இடத்தின் பெயரே அதற்கு ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. அறியப்பட்ட வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஐயூசிஎன் செம்பட்டியலில் அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம்.

இங்கேதான் இரண்டாம் வாதம் வருகிறது: எங்களிடம் இருப்பவை பெட்டியிலேயே பிறந்தவை, ஆகவே காட்டுக்கு இழப்பில்லை. ஒரு முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கணக்கில்கூடக் குஞ்சுகள் வரும் என்பதால் இது பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முதல் தாய் எவ்வழியாகக் கடல் கடந்தது? காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய இந்தியா இசைவதில்லை. வாதத்தின் முன்னொட்டாக 'பாதுகாப்பு' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. எந்தத் தாயின் வழி, எந்தக் காட்டின் கிளை என்று அறியப்படாத, சில வேளை வேற்றினத்தோடு கலந்துவிட்ட குஞ்சுகளை மலைக்குத் திருப்பி அனுப்ப எந்த உயிரியலாளர் துணிவார்? விறகு வெட்டும் காடழிப்பும் பெரிய அச்சுறுத்தல்கள் என்பது சரியே. சுருங்கிய காட்டில் எஞ்சிய முதிர்ந்த பெண் சிலந்திகளையும் பிடித்துச் செல்வதற்கு அது எப்படி நியாயமாகும்?

கல்விப்புலமும் இதில் தூய கையோடு நிற்கவில்லை. 2019இல் நீலக்கால் கொண்ட ஒரு புதிய பேரினம், பிருபெஸ் சிமொரொக்சிகோரம், பிரிட்டன் இதழொன்றில் விவரிக்கப்பட்டது. சரவாக்கிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த மாதிரிகள் அவை. எடுத்துச் செல்ல அனுமதி அளிக்கவில்லை என்று சரவாக் வனத்துறை கூறியது. சிற்றினப் பெயரோ, சேகரித்தவர்களின் பிள்ளைகள் மூவர் பெயர்களைக் கோத்து ஆக்கியது. எந்த மண்ணிலிருந்து எடுத்தார்களோ அந்த மண்ணின் சொல் ஒன்றுகூட அச்சிற்றினப் பெயரில் இல்லை. மண்ணின் சொல் இருந்தாலும் வேறொரு சிக்கல். இராமேசுவரத்தின் அனுமவிலாசம் கோயில் தோப்பை ஒட்டி 2004இல் பெயர்பெற்ற பொயிசிலோதேரியா அனுமவிலாசுமிகாவுக்குப் பெயரே முகவரி. பிடிப்பவருக்கு வரைபடம் தேவையில்லை. புதிய இனத்தை விவரிக்கும் கட்டுரைகளில் துல்லிய ஆயத்தொலைவுகளை மறைக்க வேண்டுமா என்ற விவாதம் இதனால்தான் எழுந்தது. மறைக்கத்தான் வேண்டும்.

சட்டம் மெல்ல நெருங்கி வருகிறது. பொயிசிலோதேரியா பேரினம் முழுவதும் 2019இல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. செம்முழங்காலின் பேரினமான பிராக்கிபெல்மா 1994 முதலே அதில் உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியல்களை இந்தியக் காட்டுயிர்ச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. 2024 பிப்ரவரி விதிகள் இவற்றை வைத்திருப்போர் 6 மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்றன. ஆனால் சட்டம் சொல்லைப் பிடித்தால் சந்தை சொல்லை மாற்றுகிறது. விற்பனை 'தத்து' ஆகிறது. விலை 'பராமரிப்புத் தொகை' ஆகிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னையில் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு குப்பிகளில் 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. அவை போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட ஒப்படைக்கப்பட்டன. அந்த 107க்கும் எவரும் 'செல்லம்' என்ற சொல்லைப் பயன்படுத்தத் துணிந்திருக்க மாட்டார்.

சிலந்தியை நெருங்கி அறியப் பெட்டி இன்றியமையாதது என்பாரும் உளர். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974இல் பொறிக்கதவுச் சிலந்திகளின் வளைகளுக்கு எண்ணிட்டு ஆய்வைத் தொடங்கினார். அவை டாரன்டுலாவின் தூரத்து உறவுகள். எதையும் அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை; ஆண்டுதோறும் அவரே வளைகளைத் தேடிச் சென்றார்; அவருக்குப் பின் மாணவி சென்றார். பதினாறாம் எண் வளையின் பெண் சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்தது. 2016இல் சென்று பார்த்தபோது வளையின் மூடியில் ஒட்டுண்ணிக் குளவி இட்ட துளை இருந்தது. உள்ளே சிலந்தி இல்லை.