கிறிஸ்துமஸ் ஈகையும் ஏற்போர் மானமும்

கிறிஸ்து பிறந்த திருநாளில் ஒருவர்க்கொருவர் பரிசு வழங்கி மகிழ்தல் பல நாடுகளிலும் வேரூன்றிய வழக்கமாகும். உற்றார்க்கும் நண்பர்க்கும் நாம் அளிப்பன அன்பின் பரிமாற்றங்கள். இன்று கொடுத்தவர் நாளை பெறுவர். திருப்பித் தர ஒன்றுமில்லாதார்க்கு அளிப்பதோ வேறு வகையைச் சார்ந்தது. ஈகை என்னும் பெயர் அதற்கே உரியது. அதனை எவ்வாறு செய்தல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பொருளைக் கொடுத்தல் எளிது. வாங்குவோர் தலைகுனியாவண்ணம் கொடுத்தல் அரிது. வறியவர் வீட்டுக் குழந்தை பண்டிகை நாளில் புதுப் பொம்மை ஒன்றைப் பெறுவது நன்றே. ஆயின், அயலார் ஒருவர் பலர் காண அதனை நீட்டுங்கால், அருகில் நிற்கும் தந்தையின் மனம் என்ன பாடுபடும்! தன் மகவுக்கு ஒன்றும் வாங்கித்தர இயலாதவன் என்பது அம்மகவின் கண்ணெதிரிலேயே பறைசாற்றப்படுகின்றதன்றோ? அக்காட்சியைப் படம்பிடித்து ஊரார்க்குப் பரப்பும் இக்காலத்து வழக்கம் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

முன்னோர் இதனை உணராதவரல்லர். நாலாம் நூற்றாண்டில் மீரா நகரத்து அத்தியட்சராயிருந்த நிக்கொலாஸ் என்பாரே இன்று குழந்தைகள் கொண்டாடும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமானவர். மூன்று புதல்வியரை மணஞ்செய்து கொடுக்க வகையின்றி வருந்திய ஏழைத் தந்தை ஒருவனது வீட்டினுள், அவர் இரவில் பொன்முடிப்பை எறிந்துவிட்டு மறைந்தார் என்பது மரபுக் கதை. அதில் பொன் வந்தது, கொடுத்தவர் முன்வரவில்லை. மகளிர்க்கு மணம் முடித்த பெருமை தந்தைக்கே நின்றது. தருமம் மறைவில் செய்யப்படல் வேண்டும் என்னும் மலைப்பிரசங்கப் போதனைக்கு இதனினும் தக்க விளக்கம் வேண்டுமோ?

தனி மனிதர் இரவில் செய்த இச்செயலை ஊர் முழுதும் கூடிச் செய்ய வழிவகுத்த திட்டங்கள் சென்ற நூற்றாண்டில் தோன்றின. அவற்றுள் இரண்டை ஈண்டுக் குறிப்போம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1947-ஆம் ஆண்டில் டயேன் ஹெண்ட்ரிக்ஸ் என்னும் அம்மையார் தாம் தைத்த துணிப்பொம்மை ஒன்றைத் தம் கணவரிடம் தந்து, ஏழைக் குழந்தைகட்கு உதவும் நிலையம் ஒன்றில் சேர்ப்பிக்குமாறு வேண்டினார். கடற்சேனைக் காலாட்படையின் சேமப்பிரிவில் மேஜராயிருந்த கணவர் பில் ஹெண்ட்ரிக்ஸ் அத்தகைய நிலையம் ஒன்றையும் காணாது திரும்பினார். 'இல்லையேல் நீரே தொடங்கும்' என்பது அம்மையார் கருத்து. அவ்வாண்டிலேயே அவரும் அவர்தம் படையினரும் 5,000 விளையாட்டுப் பொருள்களைத் திரட்டினர். அடுத்த ஆண்டு நாடெங்கும் பரவிய அத்திட்டம் 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என வழங்குகின்றது. முதலில் பழைய பொம்மைகளையும் ஏற்றுச் செப்பனிட்டு வழங்கியவர்கள், 1980 முதல் புதியனவற்றையே ஏற்கலாயினர். பிறர் ஆடிக் கழித்த பொம்மை, 'உனக்கு மிச்சமே உரியது' என்று குழந்தைக்குச் சொல்லாமற் சொல்லும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மற்றொன்று இரட்சணிய சேனையாரின் 'தேவதூதர் மரம்'. வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் 1979-இல் சார்லஸ் ஒயிட், ஷர்லி ஒயிட் என்னும் தம்பதிகள், தேவதூதர் படம் பொறித்த வாழ்த்து அட்டைகளில் ஏழைக் குழந்தைகளின் விருப்பங்களை எழுதி, கடைத்தொகுதி ஒன்றில் நிறுத்திய மரத்தில் தொங்கவிட்டனர். வழிச்செல்வோர் ஓர் அட்டையை எடுத்து, அதிற்கண்டதை வாங்கி ஒப்புவித்தனர். முதலாண்டிலேயே எழுநூறு குழந்தைகளுக்கு மேற்பட்டோர் பயன்பெற்றனர். அட்டையில் குழந்தையின் வயது, உடையின் அளவு, விருப்பம் ஆகியன இருக்கும். முழுப் பெயரோ விலாசமோ இராது.

இத்தகைய திட்டங்கள் பலவற்றில் பரிசுகளைக் காகிதம் சுற்றாமலே கேட்கின்றனர். வயதுக்கேற்பப் பிரித்தற்கு அது வசதி. அன்றியும், பொருள்கள் பெற்றோர் கையில் சேரும்பொழுது, தாயும் தந்தையுமே அவற்றைப் பொதிந்து, விடியலில் தம் கையாலேயே கொடுக்கின்றனர். குழந்தைக்கு அது தன் வீட்டுப் பரிசாகவே விளங்கும். இதுவே இம்முறையின் உயிர்நிலை என்பது எமது துணிபு.

குழந்தையின் முகமலர்ச்சியைக் காணாமல் கொடுப்பதில் இன்பம் யாது எனச் சிலர் வினவுவர். அம்மலர்ச்சி பெற்றோர்க்கு உரிய செல்வம். அதனை விலைக்கு வாங்க நமக்கு உரிமையில்லை. ஒரு பொம்மை வறுமையைத் தீர்க்குமோ எனச் சிலர் கேட்பர். தீராது. தக்க கூலியும் குடியிருக்க இடமும் ஆண்டு முழுதும் வேண்டுவன. அவற்றுக்கு இது ஈடன்று. ஆயினும், அவை வருமளவும் குழந்தையின் பண்டிகை காத்திராது.

இவற்றினும் வலிய குறை ஒன்று உண்டு. பல ஊர்களில் பெற்றோர் பெயர் பதிவு செய்யுங்கால் வருமானச் சான்றுகளைக் காட்ட வேண்டியுளது. ஏமாற்றுவோரைத் தடுக்க விசாரணை தேவையே. எனினும், கொடுப்பவரிடமிருந்து காத்த மானத்தைக் குமாஸ்தாவின் மேசையில் இழக்கச் செய்தல் முறையன்று. அவ்விசாரணை தனியிடத்தில், இன்சொல்லோடு நடைபெறல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! வரும் டிசம்பரில் கொடுக்க எண்ணுவீராயின், உம் வீட்டில் மிகுந்ததைக் கொடாது, கேட்டதை வாங்கிக் கொடுமின். சிறு குழந்தைகட்குப் பொருள் எளிதிற் குவியும்; பதின்மூன்று பதினான்கு வயதினர் பெரும்பாலும் மறக்கப்படுவர்; அவரை நினைமின். நம்பத்தக்க ஒரு நிலையத்தாரிடம் ஒப்புவித்து, உம் பெயரை எழுதாது திரும்புமின். எந்த வீட்டில் எந்தத் தந்தை அதனைத் தன் மகளிடம் கொடுத்தான் என்பதை நீர் அறியவேண்டுவதில்லை.