உது ஆற்றை கோட்டை?

போன வருசம் ஓகஸ்ட் பாங்க் ஹொலிடேக்கு ஹரோவில இருந்து எங்கட ஆக்கள் ஒரு கோச் பிடிச்சு வடக்கு வேல்சுக்குப் போனவை. ரெஸ்ரோரண்ட் கிச்சினில நிக்கிறவனுக்கு பாங்க் ஹொலிடே எண்டா வேலை கூடின நாள். முதலாளியிட்டைக் கெஞ்சி இரண்டு நாள் லீவு எடுத்து, மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நானும் ஏறினன். புளிச்சாதம், கட்லட், றோல்ஸ், இளையராஜா எல்லாம் இருந்தது. மத்தியானம் கொன்வி கோட்டையடியில இறங்கினம்.

நல்ல கோட்டைதான், பொய் சொல்லக்கூடாது. எட்டுப் பெரிய கோபுரம், ஊரைச் சுத்தி முழு மதில், பக்கத்தில கடல். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு நிக்க, எங்களோட வந்த வயசான ஐயா ஒருத்தர் சொன்னார்:

"வெள்ளைக்காரனைப் பாருங்கோ. எழுநூறு வருசத்துக்கு மேலான கோட்டையை எப்பிடிக் காப்பாத்தி வைச்சிருக்கிறான். எங்கட சனம் யாழ்ப்பாணக் கோட்டையின்ரை கல்லைக் கிளப்பிக்கொண்டு போய் பங்கர் கட்டினதுகள்."

எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை. மறுமொழியும் சொல்லேல்லை. அந்தக் கல்லுச் சுமந்ததுகளில நானும் ஒருத்தன். அப்ப எனக்கு ஒன்பது வயசு. அண்டைக்கு வாய் திறக்காமல் விட்டதுக்குத்தான் இப்ப இதை எழுதிறன்.

முதல்ல ஒரு கேள்வி. கொன்வி ஆற்றை கோட்டை? வேல்ஸில நிக்கிறபடியால வேல்ஸ் ராசா கட்டினது எண்டு எங்கட கோச்சில பாதிப்பேர் நினைச்சவை. இல்லை. வேல்ஸைப் பிடிச்ச இங்கிலாந்து ராசா முதலாம் எட்வேர்ட் கட்டினது. 1282 டிசம்பரில வேல்ஸ் இளவரசர் லுவெலினைக் கொன்று, தலையை வெட்டி லண்டனுக்கு அனுப்பி, சனம் பார்க்க வைச்சாங்கள். தம்பி டேவிட்டை அடுத்த வருசம் ஷ்ரூஸ்பரியில குரூரமாக் கொன்றாங்கள். அதே 1283 இல கொன்வி, கேர்நார்வன், ஹார்லெக் மூண்டுக்கும் அத்திவாரம் போட்டாச்சு. கொன்வியில லுவெலின் குடும்பத்தின்ரை ஆக்களைப் புதைச்ச துறவிமடம் இருந்தது. அதைக் கிளப்பி வேறை இடத்துக்கு அனுப்பிப்போட்டு அந்த நிலத்திலதான் கோட்டை. மதிலுக்குள்ள இங்கிலாந்தில இருந்து கொண்டுவந்து குடியேத்தின ஆக்கள். வேல்ஸ் சனத்துக்கு அங்க குடியிருக்க உரிமை இல்லை.

போமாரிஸ் கதை இன்னும் மோசம். 1294 இல வேல்ஸ் சனம் கிளம்பிச் சண்டை பிடிச்சது. அதை அடக்கின கையோட 1295 இல எட்வேர்ட் அங்க கோட்டை தொடங்கினான். பக்கத்தில லான்வைஸ் எண்டு நல்லா வியாபாரம் நடந்த ஒரு வேல்ஸ் ஊர். அந்தச் சனத்தை அப்பிடியே கிளப்பி, தீவின்ரை மற்றக் கரையில நியூபரோ எண்ட இடத்தில கொண்டுபோய் விட்டாங்கள். வலிகாமம் வடக்குச் சனத்துக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஐயாவின்ரை "காப்பாத்தி வைச்சிருக்கிறான்" கதைக்கு வருவம். 1665 இல கொன்விக் கோட்டையின்ரை ஈயத்தையும் இரும்பையும் கழட்டி விக்க வைச்சது அதின்ரை சொந்தக்காரப் பிரபுவேதான். கேர்நார்வனை இடிக்கச் சொல்லி 1660 இல உத்தரவே வந்தது, நடக்கேல்லை. அதுக்குப் பிறகு இருநூறு வருசம் உதுகள் கொடி படர்ந்த இடிபாடுகள். திருத்தி எடுக்கத் தொடங்கினது 19ஆம் நூற்றாண்டிலதான். 1986 இல உலக மரபுரிமைப் பட்டியலில சேர்ந்திட்டுது. ஆகவே கல்லுப் புடுங்கின சாதி நாங்கள் மட்டும் எண்டு தலை குனியத் தேவையில்லை ஐயா.

அடுத்த நாள் கோச் கேர்நார்வனுக்கு. நான் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில லான்பெரிசுக்குப் போனன். அங்க குளத்துக்கு மேல டோல்பதார்ன் எண்டு ஒரு கோட்டை இருக்கு. இதுதான் வேல்ஸ் இளவரசர் தாங்களே கட்டின கோட்டை. ஒரு வட்டக் கோபுரம், சுத்திவரக் கொஞ்சம் அத்திவாரக் கல்லு, அவ்வளவுதான். ரிக்கெட் இல்லை, கடை இல்லை. நாங்கள் நிண்ட ஒரு மணித்தியாலத்தில ஆறேழு பேர்தான் வந்திச்சினம். எட்வேர்டின்ரை ஆக்கள் இதைப் பிடிச்சவுடன இதின்ரை மரங்களைக் கழட்டிக்கொண்டு போய் கேர்நார்வன் கட்டப் பாவிச்சவை.

அதை அறிஞ்சவுடன எனக்கு நல்லூர்தான் ஞாபகம் வந்தது. 1619 இல போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவை. 1621 இல ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடிச்சான். அந்தக் கல்லுகள் கோட்டைக்குப் போனது எண்டு பரம்பரையாச் சொல்லிவாற கதை. பிறகு 1658 இல ஒல்லாந்தர் பிடிச்சு, அதை ஐந்து மூலைக் கோட்டையாத் திருப்பிக் கட்டினவை. 1795 இல வெள்ளைக்காரன். பிறகு ஆமி. அந்தக் கோட்டை ஒரு நாளும் எங்கட சனத்தைக் காப்பாத்தக் கட்டினதில்லை.

நான் கொட்டடிப் பொடியன். 1990 இல மூண்டு மாதத்துக்கு மேல கோட்டைச் சண்டை நடக்கேக்க வீட்டை விட்டு ஓடினம். செப்ரெம்பர் கடைசியில ஆமி கோட்டையை விட்டுப் போன பிறகு வந்து பார்த்தா கூரை இல்லை. மேலால பொம்மர் சுத்துது. பங்கருக்கு மூடு வேணும். அப்பா தள்ளுவண்டி ஒண்டு இரவல் வாங்கிக்கொண்டு வர, நானும் கூடப்போய்க் கோட்டைக் கல்லுக் கொண்டுவந்தனான். அந்த பங்கருக்குள்ளதான் எங்கட வீட்டில ஐந்து உயிர் தப்பினது. அதுக்குள்ள இருந்த 1706ஆம் ஆண்டு டச்சுத் தேவாலயம் அழிஞ்சது நட்டம்தான், கம்பசில வரலாறு படிச்ச எனக்கு அது விளங்கும். ஆனா அந்தக் கல்லை எடுத்த அப்பாவை காட்டுமிராண்டி எண்டு கொன்வியில நிண்டு சிரிக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

"அப்ப கோட்டையெல்லாத்தையும் இடிக்கச் சொல்லுறியோ?" எண்டு கேப்பியள். இல்லை. வேல்ஸ்காரர் இடிக்கேல்லை. அவை செய்தது வேறை. அந்தக் கோட்டைகளைப் பராமரிக்கிற வேல்ஸ் அரசின்ரை அமைப்புக்குப் பேர் கடூ. அது அவையின்ரை மொழியில காப்பாத்து எண்ட சொல்லு. பலகைகளில வேல்ஸ் மொழியும் நிக்குது. கேர்நார்வன் மதிலுக்குள்ள முந்தி குடியிருக்கவே உரிமை இல்லாத மொழிக்காரர், இண்டைக்கு அந்த ஊரின்ரை பெரும்பான்மை. கடையில பாண் வாங்கிறது அந்த மொழியில.

2017 இல அதே கடூ பிளின்ற் கோட்டையடியில ஒரு பெரிய இரும்பு வளையம் வைக்க வெளிக்கிட்டது. செலவு கிட்டத்தட்ட 4 லட்சம் பவுண். "இரும்பு வளையம்" எண்டுதான் எட்வேர்டின்ரை கோட்டை வரிசையை வரலாற்றில சொல்லுறது. எங்களை நசுக்கினதுக்கு எங்கட காசில நினைவுச்சின்னமோ எண்டு சனம் கிளம்பிச்சுது. பத்தாயிரத்துக்கு மேல கையெழுத்து. அந்த வருசமே திட்டத்தைக் கைவிட்டாச்சு. 735 வருசம் போயும் சனத்துக்கு ரோசம் இருந்தது.

எங்களுக்கு? கிளிநொச்சியிலயும் ஆனையிறவிலயும் புதுக்குடியிருப்பிலயும் வெற்றிச் சின்னங்கள் நிக்குது. கோப்பாய்த் துயிலுமில்லத்தை இடிச்ச இடத்தில 2011 இல ஆமி முகாம். நான் படிச்சு முடிக்காமல் 2006 இல விட்டுட்டு ஓடிவந்த கம்பசுக்குள்ள, முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவோட இரவா இடிச்சவை. பொடியள் சாப்பிடாமல் இருந்து போராடித்தான் ஏப்ரலில திருப்பி எழும்பினது. லண்டனில இருந்து லீவுக்குப் போற நாங்கள் அந்தச் சின்னங்களுக்கு முன்னாலையும் நிண்டு படம் எடுத்துப் பேஸ்புக்கில போடுறம். கொன்வியில எடுத்த மாதிரியே, ஆர் கட்டினது எண்டு கேக்காமல்.

நல்லூரில சங்கிலியன் தோப்பு வளைவு, "ப" வடிவத்தில யமுனா ஏரி எண்டு எங்கட பக்கத்துக் கதை சொல்ல மிச்சம் இருக்கிறது கொஞ்சம். கோட்டையில இருந்து சைக்கிளில கால் மணித்தியாலம். போனவையை எண்ணிப் பாருங்கோ.

மற்றவைக்கு மட்டும் சொல்லேல்லை. டோல்பதார்னில மகள் கேட்டாள், "அப்பா, எங்களுக்கும் கிங் இருந்தவரோ?" எண்டு. இங்கிலீசிலதான் கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. சனிக்கிழமை எண்டா எனக்கு வேலை, அதால தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஒன்பது வயசோட நிப்பாட்டினது நான்தான். தள்ளுவண்டிக் கதையை அண்டைக்குத்தான் முதல்முதல் அவளுக்குச் சொன்னன். பாதி தமிழில, மீதி என்ரை உடைஞ்ச இங்கிலீசில. வேல்ஸ் மொழியும் ஒண்டும் பத்திரமா இல்லை. 2021 கணக்கெடுப்பில 17.8 வீதம்தான், அதுக்கு முந்தின கணக்கெடுப்பைவிடக் குறைவு. ஆனா அவை 2050 க்குள்ள பத்து லட்சம் பேர் பேசவேணும் எண்டு இலக்கு வைச்சு நிக்கினம். எங்கட இலக்கு அடுத்த கோச் எங்க போறது எண்டதுதான்.

போங்கோ, வடிவா பாருங்கோ, புளிச்சாதமும் சாப்பிடுங்கோ. ஆனா பிள்ளையிட்டை ஒரு சொல்லு சொல்லிப்போட்டுப் படம் எடுங்கோ: இதை ஆர் கட்டினது, ஆரைக் கலைச்சுப்போட்டுக் கட்டினது எண்டு. யாழ்ப்பாணக் கோட்டையில நிக்கேக்கையும் அதைத்தான் சொல்லவேணும்.

ஐயா இதை வாசிச்சாலும் வாசிப்பார். கோவம் வந்தா வரட்டும். அப்பா இப்ப உயிரோட இல்லை. அவருக்காக அண்டைக்குக் கதைக்காத கதை இது.