வானில் நாலு மணி, தரையில் நாற்பது

"திப்ருகரிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் சார்?" என்று சென்ற மாதம் நம் சங்கத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் கேட்டார். நேர்கோட்டில் சுமார் 2,750 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு நாலு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கோட்டில் பறக்கும் விமானம்தான் இல்லை!

2019-இல் அப்பா தவறிய செய்தி எனக்குப் பிற்பகலில் வந்தது. அன்றைய விமானங்கள் போய்விட்டன. மறுநாள் கொல்கத்தா, அங்கே காத்துக்கிடந்து சென்னை. இறங்கும்போது தூத்துக்குடிக்குப் போகும் கடைசிச் சிறு விமானம் கிளம்பி முக்கால் மணி ஆகியிருந்தது. வாடகைக் காரில் விடிய விடிய ஓடி வீட்டு வாசலில் இறங்கினேன். தம்பி கொள்ளி வைத்து, காடாற்றும் முடிந்திருந்தது. மூத்தவன் நான். வானில் இருந்தது நாலு மணி, தரையில் நாற்பது.

விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரி சேர எழுபத்தைந்து மணி நேரம்போல ஆகிறது. அதற்கு இது எவ்வளவோ மேல் என்பார்கள். வாஸ்தவம். விமானக் கட்டணம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஆறுதலா?

2016-இல் உடான் திட்டம் வந்தது. 2025-இல் தூத்துக்குடியில் புதிய முனையமும் திறந்தார்கள். மகிழ்ச்சியே. என் அபிப்பிராயம், நம்மவர் நேரடி விமானம் கேட்டு மனுப் போடுவது வீண். அதை நிரப்ப ஆள் இல்லை. கொல்கத்தா விமானம் வந்திறங்கிய பிறகு சென்னையிலிருந்து கடைசி விமானம் கிளம்பட்டும் என்று கேட்போம். அதுவரை, மூன்று கட்டப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், இணைப்பு தவறும்போது பொறுப்பேற்க ஆளிருக்காது. நான் தனித்தனியாகத்தான் எடுத்திருந்தேன்.