வென்றும் கடனாளி!

"குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விடுதலை!" — தீர்ப்பைப் படித்துவிட்டு நீதிபதி எழுந்து போகிறார். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போலீசார் போகிறார்கள். சர்க்கார் வக்கீல் அடுத்த வழக்கைக் கவனிக்கப் போகிறார். கூண்டிலிருந்து இறங்கியவர் எங்கே போகிறார்? அடகு வைத்த நகையை மீட்க வழியில்லாமல், கடன் கொடுத்தவருக்குச் சமாதானம் சொல்லப் போகிறார்!

வழக்கைத் தொடுத்தது சர்க்கார். தோற்றதும் சர்க்கார். செலவு மட்டும் வென்றவர் தலையில்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

வக்கீல் கட்டணம், நகல் செலவு, ஜாமீன்தாரைத் தேடி அலைந்த அலைச்சல், வாய்தாதோறும் இழந்த நாட்கூலி — இவ்வளவும் ஆண்டுக்கணக்கில்! வரப்புத் தகராறு சிவில் வழக்கானால், தோற்றவர் வென்றவருக்குச் செலவுத்தொகை தரும்படி உத்தரவிட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. அரை அடி மண்ணுக்கு உள்ள மதிப்பு, மனிதனின் மானத்துக்கு இல்லையா?

சட்டத்தில் வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் இலட்சணத்தைப் பாருங்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 273ஆம் பிரிவு, காரணமின்றிக் குற்றம் சாட்டியவரிடமிருந்து இழப்பீடு வாங்கித் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் அளிக்கிறது. பணம் தரவேண்டியவர் பிராது கொடுத்தவர், சர்க்கார் அல்ல. செஷன்ஸ் மன்றத்தில் நடக்கும் கொலை வழக்குக்கு இப்பிரிவு உதவாது. 399ஆம் பிரிவோ, போதிய காரணமின்றிக் கைது செய்வித்தால் இழப்பீடு என்கிறது. எவ்வளவு? அதிகம் போனால் 1,000 ரூபாய்!

தீயநோக்குடன் வழக்குத் தொடுத்ததாகத் தனி வழக்குப் போடலாம். விடுதலையான ஓராண்டுக்குள் போடவேண்டும். தீயநோக்கு இருந்ததை இவரே மெய்ப்பிக்கவேண்டும். அதற்கும் வக்கீல், அதற்கும் கட்டணம்! பட்ட கடனைத் தீர்க்கப் புதுக்கடன் வாங்கச் சொல்வதற்குப் பெயர் பரிகாரமா?

விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் கைதானார். 50 நாட்கள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996இலேயே சி.பி.ஐ. சொல்லிவிட்டது. கேரள அரசு அவருக்கு 50 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல்! நாடறிந்த விஞ்ஞானிக்கே 24 ஆண்டுகள் பிடித்ததென்றால், நாலு தெரு தாண்டினால் யாரும் அறியாத நெசவாளிக்கு என்ன கிடைக்கும்?

அதே 2018இல் சட்ட ஆணையம் தனது 277ஆவது அறிக்கையில், தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு தரவேண்டும், அதற்குத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐந்தாண்டு கழித்துக் குற்ற நடைமுறைச் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். பெயர் மாறிற்று, பிரிவுகளின் எண் மாறிற்று, இந்தப் பரிந்துரைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை!

நடவாத காரியத்தையா கேட்கிறோம்? ஜெர்மனியில், விடுதலையானவரின் அவசியமான வழக்குச் செலவை அரசுக் கருவூலமே ஏற்பது பொதுவிதி. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநிதியிலிருந்து செலவுத்தொகை தர வழிவகுத்தது. அதை 2012ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் சுருக்கிவிட்டது. ஆயினும் அடியோடு ஒழித்துவிடவில்லை.

இலவச சட்ட உதவி இருக்கிறதே என்பர் சிலர். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அந்த உதவியைப் போற்றுகிறோம். ஆனால் வருமான வரம்பை ஒரு முழம் தாண்டிவிட்ட சிறு கடைக்காரர், ஜாமீனில் வெளியே நிற்பவர், அந்தக் கதவுக்கு வெளியேதானே நிற்கிறார்?

சந்தேகத்தின் பலனால் தப்பியவருக்கும் பணமா என்று முகம் சுளிப்போரும் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பது ஏட்டுச் சுரைக்காய்தானா? விடுதலையில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில்பெட்டிப் பிரிவினை கூடாது. பொய்யான வாக்குமூலம் தந்து, தானே வழக்கைத் தன்மீது இழுத்துக்கொண்டவருக்கு மறுக்கட்டும். அதற்கு நாம் குறுக்கே நிற்கவில்லை.

கருவூலம் தாங்காது என்கிறீர்களா? ஒரு சர்க்காரின் கருவூலம் தாங்காத சுமையை ஒரு குடும்பத்தின் உண்டியல் எப்படித் தாங்கும்? தோற்றால் செலவு நம்முடையது என்றறிந்தால், குற்றப்பத்திரிகையில் கையெழுத்திடுமுன் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசிப்பார்கள். அதுவும் நாட்டுக்கு நன்மையே!

நாம் கேட்பது தர்மம் அல்ல. விடுதலைத் தீர்ப்பு எழுதும் அதே நீதிபதி, அதே தீர்ப்பில், நியாயமான வழக்குச் செலவைக் கணக்கிட்டு, இத்தனை நாளுக்குள் சர்க்கார் தரவேண்டும் என்று எழுதட்டும். அதற்கு நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். பாராளுமன்றம் அதைச் செய்யட்டும். விடுதலை பெற்றவர் வீட்டுக்குப் போகட்டும். அடகுக் கடைக்கு அல்ல!