அப்பன் பெயர் கேட்பவர்களுக்கு

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த தமிழன் எவனுக்கும் சீக்கிரமே ஊரிலிருந்து ஒரு கேள்வி வரும். "அங்கெல்லாம் ராஜாவுக்கே அப்பன் யாருன்னு தெரியாதாமே?" கூடவே ஒரு சிரிப்பு. பழவங்காடியில் குடியிருந்து, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கும் சத்தத்தோடு பேங்குக்குப் புறப்படுகிற எனக்கு இந்தச் சிரிப்பு சகிக்கவில்லை. போன வாரம் நண்பர் ஒருவர் ரஷ்ய மகாராணி காத்தரீன் கதையைப் படித்துவிட்டு, "அப்படியே உங்க திருவிதாங்கூர்தான் சார்" என்றார். அதனால்தான் இந்தப் பதிவு.

அப்படியே இல்லை சார். நேர் எதிர்.

காத்தரீன் கதை என்ன? 1745ல் பட்டத்து இளவரசன் பீட்டருடன் கல்யாணம். ஒன்பது வருஷம் குழந்தையில்லை. 1754ல் பாவெல் பிறக்கிறான். இடையில் செர்கேய் சல்திகோவ் என்கிற பிரபுவுடன் காதல். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல அவரையே ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டார்கள்! பிள்ளை சல்திகோவுடையதுதானோ என்று நினைக்கிற மாதிரி அந்த அம்மாவே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். பாவெல் 1796ல் பட்டத்துக்கு வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, 34 வருஷத்துக்கு முன் செத்துப்போன பீட்டரின் சவப்பெட்டியைத் தோண்டியெடுத்து, அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தது. அடுத்த வருஷமே ஆண் வழிக்குத்தான் முதல் உரிமை என்று வாரிசுச் சட்டம். அப்பன் பெயரில் சிம்மாசனம் தொங்கினால் மனுஷன் இப்படித்தான் ஆவான்.

இங்கே சிம்மாசனம் அதில் தொங்கவில்லை. மருமக்கத்தாயம். ராஜாவுக்குப் பின் தம்பி, அப்புறம் சகோதரி மகன். அதனால் அப்பன் தெரியாது என்று அர்த்தமா? மார்த்தாண்ட வர்மாவின் அப்பா கிளிமானூர்க் கோயில் தம்புரான். அவருக்கு அடுத்து வந்த தர்மராஜாவின் அப்பாவும் கிளிமானூர்தான். 1728ல் ராணியையும் சின்னப் பிள்ளையையும் எதிரிகள் வழிமறித்தபோது, இருவரையும் தப்பவிட்டுச் சண்டையில் உயிரைக் கொடுத்தவர் அந்த அப்பா. 1753ல் கிளிமானூருக்கு வரிவிலக்கே கிடைத்தது. பெயர் தெரியாத அப்பனுக்கா இதெல்லாம்?

அடுத்த ஆயுதம் தம்பிமார் கதை. (நமக்குத் தம்பி என்றால் இளையவன். இங்கே அது ராஜா மகனின் பட்டம்.) 1729ல் ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டமேறினார். ராஜாவின் பிள்ளைகள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எதிர்த்தார்கள். சுசீந்திரம் பக்கம் பார்த்த அபிராமி என்ற அழகி மேல் ராஜா காதல்கொண்டார், "என் பிள்ளைக்குத்தான் பட்டம்" என்று அவள் வாக்கு வாங்கினாள் என்பது கதை. வில்லுப்பாட்டில் இன்னொரு காதல் உண்டு. தம்பிகளின் தங்கையை மார்த்தாண்ட வர்மா கேட்டாராம், அங்கேயும் அதே நிபந்தனையாம். நாஞ்சில் நாட்டில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தம்பிமார் மேல் இரக்கம் வருவது நியாயம். ஆனால் "பெற்ற பிள்ளையின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டான்" என்று நம்மூர்க்காரர்கள் தீர்ப்புச் சொல்லும்போதுதான் எனக்கு எரிகிறது.

ஏனென்றால் இந்த வழக்கை அப்போதே விசாரித்தவர் ஒரு தமிழர். தம்பிகள் திருச்சிக்குப் போய் நாயக்கர் அரசிடம் முறையிட, அழகப்ப முதலியார் படையோடு வந்தார். நம் ஊர் வழக்கப்படி மகனுக்கே பட்டம் என்று அவர் ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. இந்த நாட்டு வழக்கம் என்ன, ஆதாரம் என்ன என்று கேட்டார். மருமகனுக்கே உரிமை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் என்கின்றன திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள். அன்பளிப்பும் வாங்கினாராம், அப்போது விஜிலென்ஸ் கிடையாது. இருந்தாலும், இறந்தவர் கணக்கைத் தீர்க்கும் ஆபீசராகச் சொல்கிறேன்: மனு கொடுத்தவரின் குடும்பத்துக்கு எந்த வாரிசுமுறை என்று முதலில் பார்க்க வேண்டும், நம் வீட்டு வழக்கத்தை வைத்துக் கையெழுத்துப் போடக் கூடாது. முதலியாருக்குத் தெரிந்தது, இன்று செல்போனில் சிரிப்பவர்களுக்குத் தெரியவில்லை.

திட்டத்தான் வேண்டுமென்றால் திட்ட விஷயம் இருக்கிறது. தம்பிகள் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். ராஜாவின் மனைவி ராணி ஆக முடியாது, அம்மச்சிதான். வீடும் மானியமும் உண்டு, அரச குடும்பத்தில் இடமில்லை. சுவாதித் திருநாள் காலத்துத் தஞ்சாவூர் நாட்டியக்காரி சுகந்தவல்லிக்கும் அம்மவீடு கிடைத்தது, அவ்வளவுதான். சுவாதித் திருநாள் 1813ல் பிறந்தபோது தாலாட்டு எழுதிய இரயிம்மன் தம்பியின் தாய்வழிப் பாட்டனார் தர்மராஜாவின் தம்பி. மகன் வழியில் வந்தவர் பாட்டெழுதலாம், பட்டம் கேட்க முடியாது. அந்தப் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் யாராவது கோபப்பட்டால் நானும் கூட நிற்பேன். ஆனால் நம்மவர்களுக்கு அந்தக் கோபம் வருவதில்லை, "அப்பன் யார்" என்ற இளிப்புதான் வருகிறது.

கேரளத்தில் 1976லேயே கூட்டுக் குடும்ப முறை சட்டப்படி ஒழிந்தது, இன்று சாதாரண வீடுகளில் மகனும் மகளும்தான் வாரிசு. ஆனால் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாக உரிமை வழக்கில் 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம், வழக்காற்றுப்படி அது அரச குடும்பத்திடமே இருக்கிறது என்றது. வழக்கு நடக்கும்போதே, 2013ல், உத்திராடம் திருநாள் காலமானார். அவருக்கு மகன் உண்டு. அவர் இடத்துக்கு வந்தது சகோதரி மகன் மூலம் திருநாள். கோட்டைக்குள் யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை.